பஸ்ஸின் பின் சக்கரம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு வீட்டில் மரியாதை கொஞ்சம் கம்மிதான். "அப்பா மறுபடியும் புள்ளி வைக்கப் போயிட்டாரு" என்பாள் மகள். "வெக்கட்டும், வெக்கட்டும். குழாய் சொட்டுறது மட்டும் அவர் கண்ணுல படாது" என்பாள் மனைவி. அவர் போனைக் கையில் எடுத்துக்கொள்வார். போனுக்குள் இன்னொரு உலகம் இருந்தது. அங்கே அவர் பெயர் பூதக்கண்ணாடி. எல்லோருக்கும் அண்ணன்.

அந்த உலகம் வேறொன்றுமில்லை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வரைகிற ஒரே பெரிய படம். சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றுக்கு நிறம் வைத்தால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். யாருடையதையும் யாரும் அழிக்கலாம். கட்டத்தைத் தொட்டால் வைத்தவர் பெயர் தெரியும். தனியாள் வரைந்ததைப் பொழுது விடிவதற்குள் தின்றுவிடுவார்கள் என்பதால் கூட்டம் கூட்டமாகச் சேர்கிறார்கள். இவருடையது கொக்குக் கூட்டம். ஒற்றை மஞ்சள் காலில் நிற்கும் பெரிய வெள்ளைக் கொக்கு.

கொக்குக்குக் கீழே ஒருத்தர் தன்னந்தனியாகச் சிவப்பு பஸ் வரைந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற டிரைவராம். கடைசியாக ஓட்டிய வண்டியாம். எல்லை பேசப் பூதக்கண்ணாடியைத்தான் அனுப்பினார்கள். "நிம்மதியா வரைங்க சார். உங்க வண்டி மேல எங்க ஆளுங்க கை படாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று எழுதினார். "உங்க பேச்சு போதும் சார்" என்றார் டிரைவர். அன்று முழுக்க இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

படத்தை மூடி, இனி யாரும் கை வைக்க முடியாதபடி நிறுத்துவதற்கு முந்தின நாள் கூட்டத் தலைவனுக்குப் புத்தி மாறியது. தளபதி என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவன். கொக்குக்கு இன்னொரு கால் வேண்டுமாம்.

"அங்க பஸ் இருக்கேப்பா. வாக்கு குடுத்திருக்கோம்."

"குடுத்தது நீங்கண்ணே, நாங்க இல்ல. நீங்க நம்ம ஆளுதானே? அப்ப முதல் புள்ளி நீங்களே வைங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீ, நாலு பேர் அண்ணன் என்று கூப்பிடுவதற்காக மனுஷன் என்னவெல்லாம் செய்கிறான்! பஸ்ஸின் பின் சக்கரத்தில் ஒரு மஞ்சள் கட்டம் வைத்தார்.

அவ்வளவுதான், பின்னாலேயே கூட்டம் பாய்ந்தது. மறுநாள் கடை திறக்கும்போது பஸ்ஸில் பாதி இல்லை. மிச்சத்தில் டிரைவர் ஒவ்வொரு கட்டமாக ஜன்னலை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்.  இவர் லென்ஸை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் சிவப்பு வைக்க ஆரம்பித்தார்.

கூட்டத்துக்குத் தெரியாமல் இருக்குமா? மதியத்துக்குள் "துரோகி" என்று ஒரே வார்த்தை சொல்லி வெளியே தள்ளினார்கள். தம்பிகள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் எதிரில், தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இவர் வைத்த சிவப்பெல்லாம் அழிந்தது. அந்த மஞ்சள் மட்டும் அழியவில்லை. கொக்குக் காலுக்குப் பொருத்தமாயிற்றே, யார் அழிப்பார்கள்?

சாயங்காலம் டிரைவரிடமிருந்து செய்தி வந்தது. "சார், வண்டி போச்சு. உங்களைக் குறை சொல்லல, நீங்க தடுத்துதான் பார்த்திருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு. பின் சக்கரத்துல மஞ்சள் வெச்சது உங்க பேர்ல காட்டுது. யாராச்சும் உங்க போனை எடுத்துட்டாங்களா?"

'ஆமா சார், யாரோ' என்று தட்டினார். அழித்தார்.

"இல்ல சார். நான்தான் வெச்சேன்."

டிரைவர் படித்துவிட்டதாகப் போன் காட்டியது.  சற்று நேரத்தில் படம் மூடப்பட்டது. கொக்கு இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றது.