பெருக்கலில் வழிந்த எண்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில், நூலின் பருமனைக் கேமராவால் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறிய கம்பெனி இருந்தது. அந்தக் கருவி கம்ப்யூட்டரோடு பேச உதவும் டிரைவர் என்ற மென்பொருளைப் பார்த்துக்கொள்வது சுடலைவடிவின் வேலை. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனாள்.

வெளியூர் மில் ஒன்றிலிருந்து புகார் வந்தது. நிறையப் படங்களை ஒரே சமயத்தில் கேட்டால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறதாம். சுடலைவடிவின் தேடல், அவள் சேருவதற்கு முன்பே யாரோ எழுதிய ஒரு வரியில் போய் நின்றது. படங்களின் எண்ணிக்கையை ஒரு படத்தின் அளவால் பெருக்கி, அந்த விடைக்குத் தக்கபடி நினைவகத்தில் இடம் கேட்கும் வரி. விடை அளவுமீறிப் பெருத்தபோது தனக்கான இடத்துக்குள் அடங்காமல் சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிட்டது. கிடைத்தது கையளவு இடம். படங்களோ வந்து குவிந்து, பக்கத்தில் கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டன.

அன்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டான் அவள் கணவன் கண்ணன். அவன் பஸ் டிரைவர்.

“அப்படி என்னதான் தப்பு கெடந்துச்சு?”

“நீங்க ஓட்டுன பழைய பஸ்ல மீட்டர் ஒம்பதா நெறஞ்சு, திரும்ப சைபருக்கு வந்துட்டுன்னு சொன்னீங்கள்லா? அது மாதிரிதான். அந்த சைபரை நம்பி எடம் ஒதுக்குது.”

“அப்பம் பெரிய மீட்டரா வச்சிர வேண்டியதான?”

“எம்புட்டுப் பெருசு வச்சாலும் அதுக்கு மேல கேக்க ஒருத்தன் வருவான். பெருக்கும்போதே பாத்து, அடங்கலன்னா முடியாதுன்னு சொல்லிரணும். அதான் செய்யுதேன்.”

அந்த ஒரு வரியோடு அவள் விடவில்லை. டிரைவரில் இடம் கேட்கும் பெருக்கல் அத்தனையையும் சோதித்துப் பெருக்கும்படி மாற்றினாள். டிரைவர், உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் பொதுக் கெர்னலில் சேர்ந்தது என்பதால், திருத்தத்தை அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: பெருக்கல் சரி, ஆனால் அதன் பிறகு படங்களுக்கு முன்னால் வைக்கும் முகப்புத் தகவலுக்காகக் கொஞ்சம் இடம் கூட்டுகிறீர்களே, அந்தக் கூட்டலும் வழியலாம் அல்லவா?

“கொற சொல்லிட்டாவளோம்மா?” என்றார் முதலாளி பெருமாள்ராஜ்.

“வாஸ்தவத்தத்தான் சார் சொல்லியிருக்காவ. நான் பாக்கல.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தூரத்திலிருந்து ஒருவர் தன் வரிகளை உட்கார்ந்து வாசித்திருக்கிறாரே என்றிருந்தது. கூட்டலையும் திருத்தி அனுப்பினாள். அவள் பெயரோடு ஏற்றுக்கொண்டார்கள்.

புதிய டிரைவரைப் போட்டபின் மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகம் கேட்டால் இப்போது முடியாது என்று செய்தி வருகிறது. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சேரன்மகாதேவி வருமுன்பே தூங்கிப்போனாள்.