பஸ்ஸுக்குக் குறுக்கே

'சும்மாதானே இருக்கீங்க' என்ற வாக்கியத்தைத் தமிழில் தடை செய்ய வேண்டும்.

சேலத்தில் நான் பார்த்துவந்த ஆபீஸ் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழவனும் இல்லை, இளைஞனும் இல்லை. சால்வைக்கு மட்டும் தகுதியான வயது. ஏற்காடு மலையில், வாழவந்தியில் இருக்கும் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தோம். கேஸ் சிலிண்டர் தூக்க வேண்டுமா, குரங்கு விரட்ட வேண்டுமா, முன்னுரையாக அந்த வாக்கியம் வந்துவிடும். மிச்ச நேரத்தில் செய்தித்தாளோடு சண்டை போட்டேன். அது பதில் பேசாததால் தினமும் நானே ஜெயித்தேன்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பக்கத்து வீட்டம்மா ஒரு சாயங்காலம் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"இன்னிக்கும் பஸ் நிக்கலீங்களாக்கா?" என்றாள் என் மனைவி.

"எங்க நிக்குது! நாங்க கூடையும் சாக்குமா நிக்கறதப் பாத்தா, வளைவத் தாண்டிப் போயி நிறுத்தறான். ஓடற புள்ளைக ஏறிக்குதுக. நாங்க போறதுக்குள்ள கெளம்பீர்றான். ஊடு வரைக்கும் நடைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதுவாழ்வின் சீரழிவு பற்றி ஓர் உரையைத் தொடங்கினேன். மனைவி முடிக்க விடவில்லை.

"அத அந்த டிரைவர்கிட்டப் போயிச் சொல்லுங்க. சும்மாதானே இருக்கீங்க?"

மறுநாள் குடையோடு போனேன், கோபமாகத்தான். மனைவி மேலா, டிரைவர் மேலா என்பது எனக்கே தெளிவாக இல்லை. எஸ்டேட் வாசலில் கூடைகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். பஸ் வந்தது; வேகம் குறையவில்லை. நடுரோட்டில் போய்க் குடையை விரித்தேன். ஏன் விரித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மழையும் இல்லை.

பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, சாகறதுக்கு வேற பஸ் கெடைக்கலீங்களா?"

"இந்த ரூட்ல வேற பஸ் ஏதுங்க?"

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சாக்குகள் ஏறின. கடைசிக் கூடை ஏறும்வரை நான் நகரவில்லை. பக்கத்து வீட்டம்மா படியில் நின்று, "நாளைக்கும் வந்துருவீங்கல்ல?" என்றார். சால்வைக்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

தினமும் போனேன். மற்றவர்களுக்கு வேலை இருந்தது; நடுரோட்டில் நிற்க என்னைப்போல் சும்மா இருக்கும் ஆள்தான் வேண்டும். அந்தத் தகுதியில் என்னை மிஞ்ச வாழவந்தியில் ஆளில்லை.

பருவம் முடிவதற்குள் அந்த அநியாயம் நடந்தது. தூரத்தில் குடையைப் பார்த்ததுமே டிரைவர் பஸ்ஸைக் கச்சிதமாக வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் ரோட்டில் கால்கூட வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இங்கேயும் சால்வை போர்த்திவிடுவார்களோ?

ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் வந்தது.

"நம்பி ஊட்ல இருந்துறாதீங்க. குடையக் காணம்னா நாளைக்கே பழையபடி போயிருவான்."

டிரைவரும் ஆமோதிப்பதுபோல் ஹாரன் அடித்தார். சரி, கெட்டவனில்லை.