ஷட்டரை இறக்கவிடாத மும்தாஜ்

மும்தாஜ் இறந்துவிட்டார். போன வாரம் விழுப்புரத்தில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நான் போன் செய்தபோது, எடுத்தவர் அவருடைய தம்பி. "அக்கா முந்தாநேத்து தவறிட்டாங்கண்ணே. நெஞ்சு வலி." அப்போது என் எடைமேடையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. எடை காட்டும் கம்ப்யூட்டர் திரை அசையாமல் நின்றுபோயிருந்தது. நான் கூப்பிட்டதே அதற்காகத்தான். எனக்குத் துக்கம் பாதி, இனி யாரைக் கூப்பிடுவது என்ற பயம் பாதி. அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்.

திண்டிவனத்தில் எடைமேடை வைத்திருக்கும் எனக்கு நாணயம் போனால் மிச்சம் இரும்புப் பலகைதான். முதல் முறை கம்ப்யூட்டர் நின்றது, ஆயுத பூசை முடிந்த வாரம். காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். திரையில் முந்தைய வண்டியின் எடையே இருக்கும். ஒலக்கூர் விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாயா இது, முன்னாடி போன வண்டி எடையவே எனக்கும் காட்டுறே? எத்தினி நாளா நடக்குது?"

கூட்டம் கூடிவிட்டது. அதற்கு முன்பே உள்ளூர் கம்ப்யூட்டர்காரர் ஒருவர் விண்டோஸ் மாற்றியிருந்தார், ரேம் மாற்றியிருந்தார். பலனில்லை. நான் போன் செய்து கூப்பிட்ட மும்தாஜ் பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் ஷட்டரை இறக்கப் போனேன்.

"ஏண்ணே இறக்குறீங்க?"

"கூட்டமா நிக்கிறாங்கம்மா. உள்ள வெச்சுப் பாத்துடலாம்."

"இறக்கினா எடைய மாத்திக்கினு இருக்கோம்னுதான் பேசுவாங்க. தூக்குங்க."

உடனே அவர் எதையும் தொடவில்லை. எப்போது நிற்கிறது, எப்போதிலிருந்து நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயுத பூசை என்றதும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பிக் கை வைத்தார். சுட்டது. ஒரு பக்கமும் விடக்கூடாதென்று பின்பக்கச் சல்லடையில் நான் அப்பிய சந்தனம் காய்ந்து ஓட்டைகளை அடைத்திருந்தது. உள்ளே காற்றாடியிலும் ஒட்டி, அதன்மேல் மல்லாட்டைத் தூசி படிந்திருந்தது.

"மூக்குல சந்தனம் அப்பினா எதுண்ணே மூச்சு விடும்?"

ஒலக்கூர்க்காரரே சிரித்துவிட்டார்.

"சாமிக்கு வெச்சத நான் தொடைக்க மாட்டேன். வெச்ச கையே தொடைக்கட்டும்" என்று பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் பார்க்கத் துடைத்தேன். காற்றாடி சுற்றியது. ஒலக்கூர்க்காரர் வண்டியை மறுபடி மேடையில் ஏற்றி, உச்சி வெயில்வரை நின்று பார்த்தார். எடை மாறவில்லை, திரையும் நிற்கவில்லை. "சந்தனத்துக்காடா இந்தப் பேஜாரு" என்று சீட்டை வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் போன் வரும்: "அண்ணே, பொட்டு முன்னாடி மட்டும்."

போன வாரம் போனை வைத்ததும் என் கை பழையபடி ஷட்டருக்குத்தான் போனது. "இன்னா மொதலாளி, ஜல்தி" என்று டிரைவர் இறங்கி வந்தார். ஷட்டரை விட்டுவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நின்னுபோச்சுப்பா. இது உன் எடை இல்ல." பெட்டியைத் தொட்டேன். சுடவில்லை. சந்தனமும் இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டி ஏறும்போதும் திரையை டிரைவர் பக்கம் திருப்பிவைக்கிறேன்.

இங்கேயே புதிதாக ஒருவரைப் பேசியிருக்கிறேன். மும்தாஜிடம் பேசிய அதே பேச்சுதான்: வந்து பார்க்க ஐந்நூறு ரூபாய், முதலில் கேள்வி, பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர், வேலை முடியும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்.