தலைகீழாய்ப் பிடித்த ஸ்கேன் படம்

என் முப்பது வயதுத் தம்பிக்கு ஆட்டிசம் என்றால் எங்கள் மாமா நம்பவே மாட்டார். அவர் நச்சரிப்பு தாங்காமல் தர்மபுரியில் மூளை ஸ்கேன் எடுத்தோம்.

"பல பேர் மூளையை ஒப்பிட்டாத்தான் சின்ன வித்தியாசம் தெரியுங்க. ஒருத்தர் படத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்?

ஏரியூர் திரும்பியதும் மாமா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மூளை நல்லாத்தான் இருக்குது, இவனுக்குத் திமிரு! கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்" என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காதைப் பொத்திக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். "தலைகீழா புடிச்சிருக்கீங்க மாமா."

மாமா படத்தைத் திருப்பிப் பிடித்து, அதையே மறுபடியும் கத்தினார்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டுவதில்லை. வருகிறவர்களிடம், தம்பிக்குச் சத்தம் ஆகாது, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.