ஐம்பத்திநான்கு காட்டிய நாள்

“அண்ணா, கோகிலா நம்மள விட்டுப் போயிட்டாளுங்க” என்று அவருடைய கணவர் போனில் சொன்னபோது, புதுச்சத்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். இரைச்சலில் காதில் விழவில்லை. அதே வார்த்தையை அந்த மனிதரை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஜெனரேட்டர்களைச் சோதித்துச் சரிசெய்யும் எங்கள் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்தவர் கோகிலா. என்னைவிட வயதில் சின்னவர். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும் என்பது அவருக்கு அஞ்சலி செலுத்த இங்கே வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். “அண்ணன் வாரதுக்கு முன்னாடியே அவரு கோவம் வந்துருதுங்க” என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கிண்டல் செய்வார்.

ஒருநாள் நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அவர்களுடைய கரண்ட் லைனில் பழுது. மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் ஜெனரேட்டரை நம்பி இருந்தன. ஜெனரேட்டர் தரும் கரண்ட்டின் அதிர்வெண் ஐம்பது ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும்; இன்ஜின் வேகம் கூடினால் அதுவும் கூடும். கரண்ட்டை அளக்கும் அளவுப்பெட்டியை இணைத்திருந்த என் மடிக்கணினியில் மென்பொருள் ஐம்பத்திநான்கு காட்டியது. நான் யோசிக்கவே இல்லை. இன்ஜின் வேகத்தைக் குறைத்து, திரையில் ஐம்பது வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் பொரிப்புப் பெட்டிகளின் மின்விசிறிகள் வேகம் குறைந்து எச்சரிக்கை மணி அடித்தது. “ஏனுங்க, குஞ்சு தப்பிக்குமுங்களா?” என்று முதலாளி பதறினார். நான் மின்விசிறிகளைக் குறை சொன்னேன்.

கோகிலா என்னோடு வாதாடவில்லை. “உங்க ஊட்டுல கரண்டு இருக்குதுங்களா?” என்று முதலாளியைக் கேட்டார். எதிரிலிருந்த அவர் வீட்டுக்குத் தனி லைன். மடிக்கணினியையும் அளவுப்பெட்டியையும் அங்கே எடுத்துப்போய் வீட்டுக் கரண்ட்டை அளந்தார். அதுவும் ஐம்பத்திநான்கு.

“ஊருக்கெல்லாம் வர்ற கரண்டு அம்பதுதானுங்கண்ணா இருக்கோணும். தெரிஞ்சதை அளந்து பாத்துட்டுத் தெரியாததைத் தொடலாம்.”

அளவுப்பெட்டி விநாடிக்கு 44,100 தடவை அளந்துகொண்டிருந்தது. மென்பொருளில் 48,000 என்று குறித்திருந்தது. அதனால்தான் சரியான ஐம்பதும் ஐம்பத்திநான்காகத் தெரிந்தது. புது மடிக்கணினிக்கு மாறியபோது அந்த எண்ணை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். ஓடிப்போய் வேகத்தைப் பழையபடி வைத்தேன். மணி நின்றது.

முதலாளியிடம் கோகிலா, “தப்பு எங்களுதுங்க. உங்க மிஷினு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். எனக்கு ஆத்திரம். வெளியே வந்ததும், “அதான் சரியாயிருச்சே, எதுக்கு அம்மிணி சொன்னே?” என்று சீறினேன்.

“சொல்லலீன்னா நாளைக்கு அவரு ஃபேனெல்லாம் கழட்டிப் போட்டுருவாருங்கண்ணா.”

மறுநாள் முதலாளி போன் செய்து, “சத்தம் கேக்குதுங்களா?” என்றார். ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் கத்தின. கோகிலா போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

போன வாரம் மல்லசமுத்திரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த அளவு ஒன்று பிழை என்று மறுநாள் பட்டறைக்கு வந்த பிறகு தெரிந்தது. யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். உடனே போனை எடுத்தேன். “நேத்து நான் சொன்னதை நம்பாதீங்க. இப்பவே வாரேன்” என்றேன். சொல்லும்போது எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கோகிலாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது. அதை நான் விடப்போவதில்லை.