கொழும்புச் சேதி

கைப்பேசியில் எவனோ அனுப்பியதை மருமகன் சத்தமாக வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எந்த ஊர்ச் சேதிப்பா? எப்போ போட்டது? அதப் பாத்துட்டு அப்புறம் கத்து" என்பேன். அத்தைக்கு வயசாகிவிட்டது என்று சிரிப்பான். சிரிக்கட்டும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். தோட்டத்தை விட்டு வந்து காஜா பேராங்கில் குடியிருந்தோம், வீட்டுப் பின்னால் ஒரே ஒரு பசு. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டி வீடுகளுக்கு நான்தான் பால் ஊற்றுவேன். அதில்தான் எங்கள் சோறு. தெருமுனை ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தினமும் காலையில் ஒருவர் தமிழ்ப் பேப்பர் படிப்பார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எழுத்துத் தெரியாத ஆம்பளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர் வாயில் வந்தால் அது பேப்பரில் வந்த மாதிரி.

ஒருநாள் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்து வந்தார். "தோட்டத் தமிழங்கள எல்லாம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் போறாங்களாம். பேப்பர்லயே போட்டுட்டான். மாட்ட வித்துட்டுக் கப்பலேறிடுவோம்." பக்கத்து ஊரான செமாபோக்கில் மாட்டு வியாபாரியிடம் பாதி விலைக்குப் பேசி, முன்பணமும் வாங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாளே வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். இந்தியாவில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பயம் தாங்காமல் மறுநாள் காலை கடைக்கே போய்விட்டேன். பொம்பளைகள் போகாத இடம்.

"அண்ணே, நேத்துப் பேப்பரக் குடுங்க."

"படிக்கத் தெரியுமா புள்ள? தலைகீழாப் பிடிச்சுராத."

எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். சேதியின் தலையில் சின்ன எழுத்தில் கொழும்பு என்றிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பற்றிய சேதி. மலாயா என்ற பேச்சே அதில் இல்லை.

"இது கொழும்புண்ணே! அத ஏன் படிக்கல?"

"அவனும் தோட்டத்துத் தமிழன்தானே. இன்னிக்கு அங்க, நாளைக்கு இங்க."

"நாளைக்கு வந்தா நாளைக்குப் படிங்க! நீங்க ஊர் பேர முழுங்கிட்டீங்க, அங்க என் மாடு போகுது!"

வீட்டுக்கு ஓடினேன். வியாபாரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் குறுக்கே நின்றேன். நகரவில்லை. முந்தானையில் முடிந்திருந்த முன்பணத்தை அவர் கையில் திணித்தேன். என்னென்னவோ திட்டிவிட்டுப் போனார். மாடு நின்றது.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆம்பளைகள் நடுவில் கத்தி மானத்தை வாங்கிவிட்டேனாம். ஊரும் அதையே சொன்னது. சேதியை அரைகுறையாகப் படித்துச் சொன்ன கிராணியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் அவர்தான் படித்தார், இவரும் போய் உட்கார்ந்தார்.

சோறு போடும்போது நானே வாயைத் திறந்தேன். "இன்னிக்குப் படிச்சது எந்த ஊர்ச் சேதின்னு கேட்டீங்களா?"

"அவரு படிச்சவரு. அவரப் போயி யாரு கேக்குறது?"

சட்டியை டொம்மென்று வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.