ஸ்டாண்டு ஃபேனை என் பக்கம் திருப்பினேன்

எங்கள் ஊர்ப் பக்கம் தலை வலித்தால் சொல்யூஷன், இருமினால் சொல்யூஷன், கை அரித்தால் சொல்யூஷன் என்று எல்லாப் பழியும் அதன் மேல்தான். ஷூ கம்பெனியில் தோலை ஒட்டுகிற பசைக்குத்தான் அந்தப் பெயர். ஆம்பூரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அந்த வாசனையோடுதான் சாயங்காலம் திரும்பி வருகிறார். அதனால் எனக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தபோது வேறு எதையும் யோசிக்கவில்லை. சொல்யூஷன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர். மெஷினில் உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்டு வாங்கிய இடம் அது. யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

கொதிப்பு நெஞ்சில் அடுப்பு பற்றவைத்த மாதிரி ஆரம்பித்து, கழுத்து வழியாக ஏறி, காதில் போய் நிற்கும். ஜாக்கெட் நனைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அடங்கி, அப்புறம் குளிரும். தூக்கம் போயிற்று. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் ஒரு மாதம் இரண்டு தடவை வந்தது, அடுத்த மாதம் ஆளையே காணோம். வாய் வரைக்கும் வந்த வார்த்தை மறந்துபோனது. ஒருநாள் கத்தரிக்கோல் என்ற சொல் கிடைக்காமல், "அந்த வெட்றத எடுடி!" என்று கத்தினேன்.

"இன்னாக்கா, வயசாவுதா?" என்றாள் பசை டேபிளில் இருந்த பெண்.

"உனுக்கு வாய் ஜாஸ்தி ஆவுது" என்றேன்.

மேனேஜரிடம் போனேன். சின்னப் பையன் மாதிரி இருப்பார், ஆனால் மேனேஜர்.

"சார், இந்த சொல்யூஷன் சரியில்ல. மாத்துங்க."

"மேடம், வருஷக்கணக்கா இதே சொல்யூஷன்தானே?"

"அப்ப வருஷக்கணக்கா சரியில்ல."

என் வாய்க்குப் பயந்து வேறு சொல்யூஷன் வாங்கிப் போட்டார். புது வாசனை வந்தது. கொதிப்பு பழையபடியே வந்தது.

பிறகுதான் ஸ்டாண்டு ஃபேன் மேல் கண் போனது. பசை டேபிள் பக்கம் ஃபேனைத் திருப்பக் கூடாது என்பது எங்கள் லைனில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். காற்று பட்டால், தோலின் ஓரத்தை மடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும், மடிப்பு பிடிக்காது. எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் நான் நிற்கிற இடம் பசை டேபிளை ஒட்டினாற்போல் இருந்தது. திருப்பினேன். அப்பாடா என்று இருந்தது.

மடிப்பெல்லாம் கொட்டாவி விடுகிற வாய் மாதிரி பிளந்துகொண்டு, செக்கிங்குக்குப் போன வேகத்தில் லைனுக்கே திரும்பி வந்தது.

"அக்கா, ஃபேனு..." என்று பசை டேபிளில் ஆரம்பித்தார்கள்.

"ஃபேன் இன்னாடி பண்ணுச்சு உங்கள?"

மேனேஜர் வந்தார். பிளந்த மடிப்பையும் ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபேன திருப்பி வைங்க மேடம். முடியலன்னா திங்கக்கெழமைலேர்ந்து பேக்கிங்குக்குப் போய்டுங்க. அங்க காத்து நல்லா வரும்."

பேக்கிங் என்றால் டப்பாவில் ஷூ அடுக்குவது. என் லைனைப் பிடுங்கிக்கொண்டு காற்று வாங்கச் சொல்கிறார்!

டீ நேரத்தில் என் பழைய மெஷினுக்குப் பக்கத்து மெஷின்காரி வந்து உட்கார்ந்தாள். என்னைவிட மூத்தவள்.

"வேர்த்துட்டு அப்புறம் குளிருதா?"

"ஆமாக்கா."

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

"அது இஷ்டத்துக்கு வருது."

"அப்ப சொல்யூஷன எதுக்குடி திட்ற? இது நிக்கப்போற கூத்து."

"இன்னும் நிக்கவே இல்லியேக்கா!"

"நிக்கறதுக்கு முன்னாடிதாண்டி ஆட்டும். நான் அப்ப எங்கூட்டு ஓட்டு மேல பழிய போட்டேன். கூரைய மாத்துன்னு எங்கூட்டுக்காரர பேஜார் பண்ணேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே நிற்கப்போகிற அறிகுறி ஆரம்பிக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தியாவது சொன்னாளா? வயசுக்கு வந்தபோது மட்டும் தெருவையே கூட்டிப் பந்தல் போட்டார்கள்.

சனிக்கிழமை லீவு போட்டு, வேலூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் வந்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நிற்பதற்குச் சில வருடம் முன்பே இப்படி ஆரம்பிக்கும், தைராய்டும் ரத்தமும் எதற்கும் பார்த்துவிடலாம், ரத்தப்போக்கு அதிகமானால் சும்மா இருக்காமல் உடனே வர வேண்டும் என்றார்.

"கோபம் ஜாஸ்தியா வருதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "அது கல்யாணத்துலேர்ந்தே வருதுங்க டாக்டர்" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் பேக்கிங் பக்கம் கையைக் காட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். மொத்த லைனும் கேட்டது.

"சார், எனக்கு மாதவிடாய் நிக்கப்போவுது. அதான் கொதிக்குது. டாக்டரே சொல்லிட்டாங்க. சொல்யூஷன் மேல தப்பில்ல, ஃபேன் மேலயும் தப்பில்ல. பசை டேபிள அந்த செவுத்தோரம் தள்ளிப் போடுங்க, ஃபேன் இங்கியே இருக்கட்டும். அப்புறமும் மடிப்பு பிரிஞ்சா நானே பேக்கிங்குக்குப் போறேன்."

மெஷின்கள் நின்றுவிட்டன. மேனேஜர் கூரையைப் பார்த்தார். கூரையிடமே, "சரிங்க மேடம்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குள் டேபிள் நகர்ந்தது. மடிப்பு பிடித்தது. லைன் என் கையிலேயே நின்றது. ஆனால் ஃபேன் காற்று எனக்கு மட்டும் என்று இருக்கவில்லை. நாற்பது தாண்டியவர்கள் ஒவ்வொருத்தியாக, "ஒரு சந்தேகம்க்கா" என்று வந்தார்கள். வந்து, சந்தேகத்தைக் கேட்காமல் ஃபேன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். கூரை மாற்றச் சொன்னவளும் அதில் ஒருத்தி.

அதற்கடுத்த வாரம், என்னை வயசாவுதா என்று கேட்டாளே, அவள் கோணல் மடிப்பு ஒன்றை அனுப்பினாள். தூக்கி டேபிளிலேயே எறிந்து கத்தினேன். "அக்காவுக்கு அது வந்துடுச்சு போல" என்று பக்கத்தில் இருந்தவள் காதில் குசுகுசுத்தாள்.

கூப்பிட்டேன்.

"இங்க பாரு. அது வந்தா வேர்க்கும். இப்ப எனக்கு வேர்க்குதா?"

நெற்றியை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லக்கா" என்றாள்.

"அப்ப இது நானு. போய் பிரிச்சி ஒட்டு."